கொத்தனார் கையில் சிமெண்ட் புண்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் கொத்தனார். நான்கு வருஷமாகப் பாளையங்கோட்டையில் ஒரே காண்ட்ராக்டரிடம்தான் வேலை. இரண்டு கையும் வெடித்து நீர் வடிகிறது. இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிறார். "உடம்புச் சூடு" என்கிறார். ஊரில் ஒட்டுவாரொட்டி என்று நினைத்து, கல்யாணப் பந்தியில் பரிமாறப் போனவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். காண்ட்ராக்டர் எங்களுக்கு மாமா முறை. பத்தாயிரம் தருகிறேன், "இனி எந்தப் பாத்தியமும் இல்லை" என்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடு என்கிறார். போடலாமா?
- வாசகி, சேரன்மகாதேவி

பதில்: வேண்டாம், சகோதரி. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆனால் செல்லாது என்று காட்டுவதற்கே அலைய வேண்டிவரும். செலவுக்குப் பணம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பத்திரம் மட்டும் வேண்டாம்.

எனக்குக் கவலை மாமாவைப் பற்றி அல்ல, அந்த "உடம்புச் சூடு" பற்றித்தான். இந்த மாதிரி வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலையே இருக்காது. நம் ஆளே கூண்டில் ஏறி, "எனக்குச் சூட்டு உடம்புங்க" என்று சொல்லிவிடுவார். காரணம் சூடு அல்ல, வேலையாக இருக்கலாம்: சிமெண்டில் குரோமியம் என்ற உலோகம் இருக்கிறது. ஈரச் சிமெண்டில் வருஷக்கணக்காகக் கை வைத்தவருக்கு அது திடீரென ஒவ்வாமையாக மாறலாம். ஒருமுறை வந்துவிட்டால் லேசில் போகாது. கூட வேலை பார்க்கும் எல்லாருக்கும் வரவும் வராது. "மற்றவனுக்கு வரலையே" என்று மாமா கேட்பார், கேட்கட்டும். எல்லாருக்கும் வந்தால்தான் தொழில்நோய் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் தோல் நோயும் குரோமிய நோயும் இருந்தன. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால், நோய் வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது முதலாளி பொறுப்பு. பல கொத்தனார்கள் தோற்பது இந்த ஆறு மாதத்தில்தான். இன்று ஒரு சைட், நாளை வேறு ஆள் என்று போய்விடுவார்கள். உங்களுக்கு நான்கு வருஷம் இருக்கிறது. சம்பளம் ஜிபேயில் வந்த விவரம், சைட்டில் எடுத்த போட்டோ, கூட வேலை பார்த்த சித்தாள்களின் சாட்சி எல்லாம் உதவும்.

இதுவரை மெடிக்கலில் ஆயின்மென்ட் வாங்கித் தடவியே காலம் தள்ளியிருப்பார், சீட்டு ஒன்றும் இருக்காது. முதலில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) தோல் பிரிவுக்குப் போங்கள். "அரிப்பு" என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. கொத்து வேலை, எத்தனை வருஷம், லீவு நாளில் குறைந்து வேலைக்குப் போனதும் கூடுகிறதா என்று எல்லாம் சொல்லி, ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். முதுகில் மருந்து ஒட்டி இரண்டு, நான்கு நாள் கழித்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, கேட்டுப் பாருங்கள். ஒட்டாத நோய் என்றும் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். பந்தியில் உட்காரச் சொன்னதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை, அந்தச் சீட்டு ஓரளவு வாயை அடைக்கும்.

தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் கிடைக்கும். சிகிச்சைச் செலவும் கேட்கலாம், பில்லை வையுங்கள். இனி சிமெண்டே தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னால் கணக்கு வேறு. 1975-இல் உச்ச நீதிமன்றம், முழங்கைக்கு மேல் ஒரு கை போன தச்சருக்கு முழு வருமான இழப்பு என்றது. மற்றொரு கை இருக்கிறதே என்ற வாதம் எடுபடவில்லை, அவரால் தச்சு வேலை பார்க்க முடியாது என்பதையே பார்த்தது. அவருக்குக் கை போனது, உங்கள் வீட்டுக்காரருக்குத் தோல்தான். சதவீதத்தை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் கேள்வி அதேதான்: கொத்துக் கரண்டி பிடிக்க முடியுமா?

மாமா முறை என்று தயங்குகிறீர்கள், புரிகிறது. அவர் தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் அவர் மடியிலிருந்து பெரிதாக ஒன்றும் போகாது, சண்டையும் பாதி குறையும். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால் மட்டும் இந்த வழி கிடையாது, அங்கேதான் கேட்க வேண்டும்.

வேலைக்குப் போகாமல் நின்ற முதல் நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் திருநெல்வேலி தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு போட வேண்டும். அதற்கு முன் நோயைப் பற்றிக் காண்ட்ராக்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அனுப்பினால் போதும்.