கருத்துக்கேட்பு கூட்டத்துக்கு போய் என்ன பிரயோஜனம்?

கேள்வி: எங்க ஊர் பக்கத்துல பெரிய கல்குவாரி வரப்போகுது, அடுத்த மாசம் கருத்துக்கேட்பு கூட்டம்னு பேப்பர்ல போட்டிருக்காங்க. பக்கத்து ஊர்ல இதே மாதிரி கூட்டத்துல அத்தனை பேரும் வேண்டாம்னு சொல்லியும் குவாரி வந்துடுச்சு. வேலைய விட்டுட்டு போய் என்ன ஆகப்போகுது சார்?

பதில்: உங்க கோபம் நியாயம்தாம்மா. ஆனா போகாம இருந்துடாதீங்க. மத்திய அரசோட 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி நடக்குற இந்த கூட்டம் ஓட்டெடுப்பு கிடையாது, எத்தனை பேர் வேண்டாம்னு சொன்னாங்கன்னு எண்ண மாட்டாங்க, ஆனா அங்க எழுப்புற ஒவ்வொரு பிரச்சனைக்கும் குவாரி கம்பெனி, சுற்றுச்சூழல் பாதிப்பு பத்தின தன்னோட இறுதி அறிக்கையில பதில் சொல்லியாகணும், அதனால "குவாரி வேண்டாம்"னு மட்டும் சொல்லிட்டு உக்காந்தா அவங்களுக்கு வேலை சுலபமாயிடும்.

நான் போன ஒரு கூட்டத்துல வயசான அம்மா ஒருத்தங்க கிணத்து தண்ணிய பாட்டில்ல கொண்டாந்து மேடையில வெச்சாங்க, கலங்கலா அடியில மண்ணு படிஞ்சு கெடந்துச்சு. கடைசியில பதிவை வாசிச்சப்ப "குடிநீர் குறித்து கேட்டனர்"னு ஒரே வரி! பின்னாடி நின்ன பசங்க விடல, எந்த கிணறு, எத்தனை அடி, எப்போலருந்து கலங்குதுன்னு எழுத வெச்சுட்டுதான் கலைஞ்சாங்க. கூட்ட முடிவுல பதிவை உள்ளூர் மொழியில வாசிச்சு விளக்கணும், அன்னைக்கே கையெழுத்தாகணும்னு விதியே இருக்கு. நம்மாளுங்க பேசி முடிச்ச கையோட கெளம்பிடுறாங்க, அதுதான் என் வருத்தம்.

கூட்டத்துக்கு குறைஞ்சது 30 நாள் முன்னாடி அறிவிப்பு வரணும், கம்பெனியோட வரைவு பாதிப்பு அறிக்கையோட சுருக்கம் தமிழ்ல இருக்கணும். கலெக்டர் ஆபீஸ்ல போய் கேளுங்க, வாங்கி நாலு பேரா உக்காந்து படிங்க, உங்க ஏரி, ஸ்கூல், ஆடு மேயுற இடம் அதுல இருக்கான்னு பாருங்க. விட்டுப்போயிருந்தா அதையே கேளுங்க.

ஒடிசா நியாம்கிரி மலையில பாக்சைட் சுரங்கம் வரப்போனப்ப, கிராமசபைங்கள கேளுங்கன்னு 2013ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, 12 கிராமசபையும் வேண்டாம்னு தீர்மானம் போட்டுச்சு, சுரங்கம் வரல. அங்க கைகொடுத்தது காட்டுல வாழுறவங்க உரிமைய காக்குற வன உரிமைச் சட்டம். அந்த பலம் உங்க கூட்டத்துக்கு இல்ல, இருக்கணும்ங்கறதுதான் என் ஆசை.

கூலிக்கு போறவங்க வர முடியலைன்னா மனுவா எழுதி மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு குடுக்கச் சொல்லுங்க, குடுத்ததுக்கு சீல் போட்ட ஒரு காப்பியும் வாங்கி வெச்சுக்கங்க.