உங்களை வியக்க வைத்த, பலரும் அறியாத இந்திய மருத்துவ ஆராய்ச்சியாளர் யார்?

புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக். அவரை நான் தெரிந்துகொண்டது என் அப்பாவால்தான்.

அப்பா ஒல்லி. வேட்டிக்கு மேல் போடும் பெல்ட்டில் கூடுதலாக இரண்டு ஓட்டை போட்டுத்தான் இறுக்குவார். தாகம், அசதி என்று ஒரு மருத்துவரிடம் போனபோது, "இந்த உடம்புக்குச் சர்க்கரை எங்கேங்க வரப்போகுது?" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஒன்றரை வருடம் கழித்து, காலில் புண் ஆறவில்லை என்று வேறு இடத்துக்குப் போனபோதுதான் ரத்தத்தைச் சோதித்தார்கள். வெறும் வயிற்றில் 280. ஒல்லியானவருக்கு எப்படி வந்தது என்று அந்தக் கோபத்தில் தேடித் தேடிப் படித்தேன்.

சர்க்கரை நோய் பற்றிய பாடங்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் உடம்பைப் பார்த்து எழுதியவை. பருமனானவர்களுக்கு வரும் நோய் என்றுதான் அவை சொல்லின. ஆக்ஸ்ஃபோர்டில் பயிற்சி முடித்து, புனே கே.இ.எம். மருத்துவமனைக்கு வந்த யாக்னிக் பார்த்த நோயாளிகளோ இள வயதுக்காரர்கள், அவ்வளவாகப் பருமன் இல்லாதவர்கள்.

இதன் வேர் தாயின் வயிற்றிலேயே இருக்குமோ என்று, 1993இல் புனே அருகே ஆறு கிராமங்களில் ஆய்வு தொடங்கியது. கர்ப்பிணிகளின் சாப்பாட்டோடு, வயல் வேலை, தண்ணீர் சுமப்பது வரை கணக்கெடுத்தார்கள். பிறந்த குழந்தையின் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலை மெல்லக் கிள்ளிப் பிடித்து, இடுக்கி மாதிரி ஒரு கருவியால் அதன் தடிமனை அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. தசை, வயிறு எல்லாம் சிறுத்திருந்தன. முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறக்கும்போதே வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு!

2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. யாக்னிக்கும் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் ஜான் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்தை வைத்து எடையைக் கணக்கிடும் அளவு, ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. அப்பாவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். "இவரும் என்னை மாதிரிதானே இருக்காரு" என்றார்.

மரபணுப் பக்கமும் அவர் குழு போனது. ஐரோப்பியர்களிடம் எஃப்.டி.ஓ. மரபணு மாற்றம் உடல் எடையைக் கூட்டி, அதன் வழியாகச் சர்க்கரை நோயைக் கொண்டுவருகிறது. இந்தியர்களிடம் அந்த மாற்றத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பை எடையை வைத்து மட்டும் விளக்க முடியவில்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வைட்டமின் பி12 விஷயம். அந்தக் கிராமத்துத் தாய்மார்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு பி12 குறைவு. ஃபோலேட் (ஃபோலிக் அமில மாத்திரையில் கிடைக்கும் வைட்டமின்) அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்குத்தான் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியாக வேலை செய்யாத நிலை, எல்லோரையும்விட அதிகம். ஃபோலிக் அமிலம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை, அது கர்ப்பிணிக்குக் கட்டாயம் வேண்டும். பி12-ஐயும் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று அளந்த குழந்தைகள் பெரியவர்களானதும், அடுத்த தலைமுறைக்காக 2012இல் அவர்களுக்கே பி12 கொடுக்கும் ஆய்வைத் தொடங்கினார்கள்.

போன வருடம் தங்கை உண்டானபோது பி12 அளவும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் நாங்களே கேட்டோம். குறைவாகத்தான் இருந்தது. அன்றே மாத்திரை எழுதிக் கொடுத்தார்.