சிக்கிள் செல் ‘ட்ரெய்ட்’ என்று ரிப்போர்ட் வந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: திருமணத்துக்கு முன்பு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். ‘சிக்கிள் செல் ட்ரெய்ட்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. உடம்புக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இது நோயா? இது இருந்தால் மலேரியா வராது என்கிறார்களே, உண்மையா? வருங்காலக் கணவரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: நீங்கள் நோயாளி இல்லை. பின்னாளில் இது நோயாக முற்றவும் செய்யாது. ஹீமோகுளோபினுக்கான மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து சரியாகவும், இன்னொருவரிடமிருந்து சற்று மாறியும் உங்களுக்கு வந்திருக்கிறது. இதைத்தான் ‘ட்ரெய்ட்’ என்கிறோம். இரண்டுமே மாறி வந்தால்தான் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, ரத்தக்குழாய்களை அடைத்து, கடும் வலியும் சோகையும் தரும். அதுதான் சிக்கிள் செல் நோய்.

மலேரியா விஷயம் பாதி உண்மை. இவ்வளவு கெடுதல் செய்யும் மரபணு எப்போதோ அற்றுப் போயிருக்க வேண்டாமா? 1954-ல் ஆண்டனி அலிசன் என்ற மருத்துவ விஞ்ஞானி இதற்கு விடை சொன்னார். கிழக்கு ஆப்பிரிக்காவில் மலேரியா எங்கே அதிகமோ, அங்கேதான் இந்த மரபணுவும் அதிகம். ஃபால்சிபாரம் என்ற கொடிய மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணு, உங்களைப் போன்றவர்களின் உடலில் சீக்கிரமே வளைந்துவிடும். மண்ணீரல் அதைப் பிடித்து அழித்துவிடும். சரியான மரபணு இரண்டும் கொண்ட குழந்தைகளை மலேரியா கொண்டுபோனது. மாறியது இரண்டும் கொண்டவர்களைச் சோகை கொண்டுபோனது. ஒன்று மட்டும் மாறியவர்கள் பிழைத்து, பிள்ளை பெற்றார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது அந்தப் பழைய கணக்கின் மிச்சம். தலசீமியா என்ற பரம்பரைச் சோகையும், ஜி6பிடி என்ற சிவப்பணு நொதியின் குறைபாடும் மலேரியா இப்படி விட்டுப்போன தடங்கள்தான்.

இதை நம்பிக் கொசுவலையை மடித்து வைத்துவிடாதீர்கள்! ஃபால்சிபாரம் மலேரியா முற்றி உயிருக்கு ஆபத்தாவதைத்தான் இது சுமார் 90 சதவீதம் தடுக்கிறது. தொற்றே வராது என்பதில்லை. காய்ச்சல் வந்தால் எல்லோரையும் போலப் பரிசோதனை வேண்டும். சிக்கிள் செல் நோயே உள்ளவர்களுக்கு மலேரியா மிக ஆபத்தானது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

வருங்காலக் கணவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவரும் பரிசோதிக்க வேண்டும். சாதாரண ‘சிக்கிளிங்’ சோதனை மட்டும் போதாது. அதில் பீட்டா தலசீமியா தெரியாது. அவருக்கு அந்த மரபணு இருந்தாலும் உங்கள் குழந்தைக்குச் சிக்கிள் வகை நோய் வரலாம். எனவே ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோஃபோரெசிஸ் சோதனையைக் கேளுங்கள். அவருக்கு எதுவும் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. உங்களைப் போல மரபணுவைச் சுமக்க மட்டும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவருக்கும் ட்ரெய்ட் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கு 25 சதவீத வாய்ப்பு. நான்கில் ஒன்று என்றதும், முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல, ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. அப்போதும் திருமணத்தை நிறுத்த வேண்டியதில்லை. மரபணு ஆலோசகரைப் பாருங்கள். கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே கருவைப் பரிசோதிக்க வழி இருக்கிறது.

இதற்காக இரும்புச்சத்து மாத்திரை வேண்டாம்; உண்மையிலேயே குறைவு இருந்தால் மட்டும் போதும். கடும் வெயிலில் கடும் உடற்பயிற்சி செய்தால் தண்ணீர் நிறையக் குடியுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, கண்ணில் அடிபட்டாலோ உடனே டாக்டரிடம் போய், ட்ரெய்ட் இருப்பதையும் சொல்லுங்கள். சர்க்கரைக்கான ஹெச்பிஏ1சி எடுக்கும்போதும் சொல்லிவிடுங்கள். சில முறைகளில் அளவு தப்பாகக் காட்டும்.

உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.