அக்காவுக்குச் சுருள் முடி, எனக்கு ஏன் இல்லை?

கேள்வி: ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள் நாங்கள். அக்காவுக்கு அம்மம்மாவின் சுருள் முடி, எனக்கு நேர் முடி. ஏன்?
– வாசகி, சுன்னாகம்

பதில்: வகுப்பில் இதற்கு நான் சாயமிட்ட பனையோலைச் சார்வுகளைத்தான் எடுப்பேன், தங்கச்சி. சிவப்பு அம்மம்மா தந்த நிறமூர்த்தம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை, குரோமோசோம்), பச்சை அம்மப்பா தந்தது. உங்கள் அம்மாவிடம் இப்படி 23 சோடி. முட்டை உருவாகும்போது நடக்கும் கலப்பிரிவான ஒடுக்கற்பிரிவில் சோடிகள் ஒட்டிக் கிடந்து, ஒரே இடத்தில் அறுந்து, துண்டு மாறிப் பொருந்துகின்றன. இரண்டு சார்வையும் சேர்த்துப் பிடித்து வெட்டி, நுனிகளை மாற்றி ஒட்டிப் பாருங்கள். அந்தச் சிவப்புப் பச்சைச் சார்வு அதற்கு முன் யாரிடமும் இருந்ததில்லை! அப்புறம் சோடிக்கு ஒன்றுதான் முட்டைக்குள் போகும். அப்பா பக்கமும் இப்படித்தான். முடியின் சுருளுக்குப் பல மரபணுக்கள் காரணம். அக்காவுக்கு வந்த சேர்க்கை உங்களுக்கு வரவில்லை. இன்னொன்று: அம்மாவின் முட்டைகளுக்கான அந்தத் துண்டு மாற்றம், அவர் உங்கள் அம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோதே நடந்துவிட்டது.