தூக்க ஜாக்கி, தாங்க ஸ்டாண்ட்

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், போர்டிகோவில் காரைத் தூக்கிப் பார்க்கும் ஆசை பலருக்கு வந்துவிடுகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போய்க் காரைத் தூக்கும் ட்ராலி ஜாக்கியைப் பற்றித்தான்.

ஆயில் மாற்றக் காருக்குக் கீழே போகும்போது, இரண்டு ஹாலோ பிளாக் முட்டுக் கொடுத்தால் போதுமா? (மஞ்சக்குப்பம்)

போதாது. ஹாலோ பிளாக் சுவரின் பாரத்தைப் பரவலாகத் தாங்குவதற்காகச் செய்தது. காரின் பாரம் விரலளவு இடத்தில் குவிந்தால், சத்தமே இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று பொடிந்து உட்காரும். செங்கல்லும் அப்படித்தான். நானும் ஒரு காலத்தில் செங்கல்லை நம்பிப் படுத்தவன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

ஜாக்கியையும் நம்பக் கூடாது. அது எண்ணெய் அழுத்தத்தில் நிற்கிறது. எண்ணெய் கசியாமல் தடுக்க உள்ளே இருக்கும் சின்ன சீல் ஒன்று கிழிந்தால் கார் இறங்கிவிடும். இரும்பு ஜாக்கி ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்குங்கள். தூக்கியதும் ஸ்டாண்டை வைத்து, காரை மெதுவாக அதன்மேல் இறக்கி, பக்கவாட்டில் கையால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் மறுபடி வைக்க வேண்டியதுதான். ஸ்டெப்னியைக் காருக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. ஆல்டோ மாதிரி சின்ன கார் ஒரு டன்னுக்குள்தான், 2 டன் ஜாக்கி தாராளம். பெரிய வண்டிக்கு 3 டன் பாருங்கள்.

எங்கள் வீட்டு முற்றம் மணல். பலகை போட்டுத் தூக்கலாமா? (தேவனாம்பட்டினம்)

ட்ராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை, வில் போல வளைந்து எழும். அதற்கு ஈடுகொடுக்க ஜாக்கி தன் சக்கரத்தில் கொஞ்சம் உருள வேண்டும். மணலில் சக்கரம் புதைந்தால் உருளாது. ஒன்று ஜாக்கியின் தலை நழுவும், இல்லையென்றால் கார் இழுபடும். (உருளாமல் இருக்கக் கட்டை கொடுப்பது கார் சக்கரத்துக்கு மட்டும், ஜாக்கி சக்கரத்துக்கு அல்ல. இதை மாற்றிச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.) தடித்த, அகலமான பிளைவுட் போட்டு டயர் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கீழே படுக்காதீர்கள். ஸ்டாண்டின் நான்கு காலும் மணலில் ஒரே அளவில் புதையாது. மழைக்குப் பிறகு மணல் கெட்டியாகத் தெரியும், அதையும் நம்ப வேண்டாம். கத்திரி வெயிலில் இளகும் தார் ரோடும் இந்தக் கணக்கில்தான் சேரும். சிமென்ட் தளம் உள்ள தெரிந்தவர் வீட்டுக்கு ஓட்டிப் போய்விடுங்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத்தான் பின்பக்கத்தைத் தூக்குகிறேன். சரிதானே? (லாஸ்பேட்டை)

பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. அவற்றையே தூக்கிவிட்டால் பிரேக் இருந்தும் பயனில்லை. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள், முதல் கியரில் விடுங்கள். வாசல் சரிவில் நிறுத்தித் தூக்கவே வேண்டாம்.

பழைய கார், கடற்கரைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஜாக்கியை எங்கே கொடுப்பது? (முத்தியால்பேட்டை)

காரோடு வந்த புத்தகத்தில் படம் இருக்கும். பொதுவாகக் கதவுகளுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், முன் சக்கரத்துக்குப் பின்னாலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும் வெட்டு அடையாளம் தெரியும். நடுவில் பள்ளம் உள்ள ரப்பர் பேட் வைத்தால் அந்த விளிம்பு மடங்காது. இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் பேனில் கொடுத்துவிடாதீர்கள், நசுங்கிவிடும்.

உங்கள் பிரச்சினை உப்புக்காற்று. வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும், உள்ளே தகடு அரித்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். செதில் உதிர்ந்தாலோ, தகடு உள்வாங்கினாலோ, வெல்டிங் பட்டறையில் சரிசெய்யும் வரை அங்கே ஜாக்கி வைக்காதீர்கள்.

வீல் நட்டை எப்போது தளர்த்துவது? (நெல்லிக்குப்பம்)

டயர் தரையில் இருக்கும்போது அரைச் சுற்று. முழுக்கக் கழற்றுவது தூக்கிய பிறகு. கடைசி முறுக்கு மறுபடி தரையில்.

தூக்கி வைத்த ஜாக்கி தானாக இறங்குகிறது. பிரேக் ஆயில் ஊற்றலாமா? (அரியாங்குப்பம்)

ஐயோ, வேண்டாம். பிரேக் ஆயில் பட்டால் ஜாக்கியின் சீல் உப்பிக் கெட்டுவிடும். ஜாக்கிக்கென்று விற்கும் ஹைட்ராலிக் ஆயிலே ஊற்றுங்கள். பாரம் இல்லாமல், இறக்கும் வால்வைத் திறந்துவைத்துப் பத்துப் பன்னிரண்டு முறை பம்ப் அடித்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். அப்புறமும் இறங்கினால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். மாற்றும் வரை அதைத் தொடாதீர்கள்.