மூன்று கொட்டாங்குச்சிகள்

அன்புள்ள அக்கா,

ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். உயிருள்ளவை, உயிரற்றவை பாடத்துக்கு ‘நகரும், உண்ணும், வளரும், மூச்சு விடும்’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்தேன். மறுநாள் ஒரு பையன், “பஸ் நகருது, டீசல் குடிக்குது, புகை விடுது. அதுக்கு உயிர் இருக்கா டீச்சர்?” என்கிறான். ஒரு சிறுமி வேப்பமரத்துக்கு உயிரே இல்லை என்று அடித்துச் சொல்கிறாள். எங்கே தவறினேன்?

க., திருத்துறைப்பூண்டி

அன்புள்ள க.,

அந்தப் பையனைத் திட்டிவிடாதீர்கள். நீங்கள் கொடுத்த பட்டியலை அவன் ஒழுங்காகப் பொருத்திப் பார்த்திருக்கிறான்.

1920களில் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே ஜெனீவாவில் சிறுவர்களிடம் இதே கேள்விகளைக் கேட்டார். அசைவதெல்லாம் உயிருள்ளது என்றார்கள் சின்னவர்கள். தானாக அசைந்தால்தான் உயிர் என்றார்கள் சற்றுப் பெரியவர்கள். அந்தக் கணக்கில் சூரியனுக்கு உயிர் உண்டு, மரத்துக்கு இல்லை. நம் மொழியும் இதில் பிள்ளைக்குக் கைகொடுப்பதில்லை. மாடும் அஃறிணை, கல்லும் அஃறிணை, இரண்டும் ‘அது’தான். ஆனால் அதே மொழியில்தான் தொல்காப்பியம் ‘புல்லும் மரனும் ஓரறிவினவே’ என்று மரத்தையும் உயிர் வரிசையில் வைத்தது.

நான் பாடம் எடுத்த காலத்தில் பட்டியலைக் கடைசியில்தான் எழுதுவேன். முதலில் மூன்று கொட்டாங்குச்சி, மூன்றிலும் ஈரத்துணி. ஒன்றில் பச்சைத் தட்டைப்பயறு, ஒன்றில் வேகவைத்த தட்டைப்பயறு, ஒன்றில் அதே அளவுக் கூழாங்கல். முதல் நாள் பயறு இரண்டுமே உப்பித்தான் இருக்கும். அன்றைக்கே விடை சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகள் சண்டை போடட்டும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பச்சைப் பயற்றின் தோல் கிழிந்து வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்க்கும். “டீச்சர், மூக்கை நீட்டுது!” என்று ஒருத்தி கத்தினாள். வெந்த பயறு அதற்குள் பிசுபிசுத்து நாறத் தொடங்கியிருந்தது. கல் அப்படியே கிடந்தது. ஒருவன் மட்டும் ஒரு வாரம் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினான். நான் தடுக்கவில்லை.

அந்த நாறிய பயறு மிக முக்கியம். உயிருள்ளது, உயிரற்றது என்று இரண்டே பெட்டி வைத்தால், உதிர்ந்த சருகையும் மர நாற்காலியையும் எதில் போடுவது? ‘முன்பு உயிரோடிருந்தது’ என்று மூன்றாவது பெட்டி ஒன்று வையுங்கள். விதையைப் பிள்ளைகள் அதில் போடப் பார்ப்பார்கள். இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த, ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழைய பேரீச்சை விதை ஒன்று 2005இல் முளைத்த கதையை அப்போது சொல்லுங்கள்.

வேப்பமரச் சிறுமிக்கு ஒரு வேலை கொடுங்கள். அவள் கைக்கு எட்டும் கிளை நுனி ஒன்றில் சிவப்பு நூல் கட்டட்டும். மாசி, பங்குனியில் வேம்பு துளிர்விடும். வாரம் ஒரு முறை அவளே குச்சியால் அளந்து, நோட்டில் கோடு போட்டு வரட்டும். நூலை இறுக்கிக் கட்டவேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்; கிளை பருக்கும்.