கைப்பை மட்டும் எடுத்துப் போகிறவர் எந்த ரேசரை வைத்துக்கொள்ளலாம்?

கேள்வி: வேலை விஷயமாக அடிக்கடி விமானத்தில் போகிறேன். கைப்பை மட்டும்தான் எடுத்துப் போவேன். வீட்டில் இருபுறமும் கூர் உள்ள பிளேடைப் போடும் சேஃப்டி ரேசர் வைத்திருக்கிறேன், அதில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் பாதுகாப்புச் சோதனையில் பிளேடை எடுத்துவிடுகிறார்கள். யூஸ் அண்ட் த்ரோ ரேசரில் மழித்தால் கழுத்து சிவந்து பொரிப்பொரியாகப் புடைத்துவிடுகிறது. அடுத்த வாரம் பத்து நாள் பயணம். எலெக்ட்ரிக் ஷேவர் வாங்கிவிடலாமா?

பதில்: அடுத்த வாரம் கிளம்புகிறீர்கள் என்றால், அந்தப் பயணத்துக்காக ஷேவர் வாங்காதீர்கள். ஷேவரில் குறை இல்லை, நேரம்தான் போதாது. பிளேடுக்குப் பழகிய தோல் ஷேவருக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை கொஞ்சம் எரிச்சலும் சிவப்பும் இருக்கும். வீட்டில் என்றால் ஒரு நாள் விட்டு மழித்துக்கொள்ளலாம். காலையில் நாலு பேர் முன் போய் உட்கார வேண்டிய நாளில் அதை ஏன் இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும்? பயணத்துக்கு எடுக்கும் ரேசர் முகத்துக்கு ஏற்கெனவே பழகியதாக, இல்லாவிட்டால் அதற்கு நெருங்கியதாக இருக்க வேண்டும். மற்ற வசதிகளையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

பழகியதையே எடுத்துப் போகவும் வழி இருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் கைப்பையில் தடை தனி பிளேடுக்குத்தான், பிளேடு இல்லாத ரேசருக்கு இல்லை. பிளேடை வீட்டிலேயே விட்டுவிட்டு ரேசரை மட்டும் எடுத்துப் போங்கள், இறங்கிய ஊரில் பிளேடு வாங்கிக்கொள்ளுங்கள். இருபுறக் கூர் பிளேடுக்கு எந்த ஊரிலும் ஒரே அளவுதான், எந்தக் கம்பெனி பிளேடும் உங்கள் ரேசரில் உட்காரும். ஐந்து பிளேடு உள்ள ஒரு பாக்கெட் பத்து நாளுக்குத் தாராளம். கிளம்புவதற்கு முன் தலைப்பகுதியைக் கழற்றி, உள்ளே பழைய பிளேடு இல்லை என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். மறந்துபோய் உள்ளேயே விட்ட ஒற்றை பிளேடுதான் பலரைச் சோதனை மேடையில் நிறுத்துகிறது. இன்னொன்று, எதை அனுமதிப்பது என்ற கடைசி முடிவு அங்கே நிற்கும் அதிகாரியுடையது. அதனால் விலை உயர்ந்த, மனசுக்குப் பிடித்த ரேசராக இருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும்.

இரவில் போய் இறங்கி விடிந்ததும் மழிக்க வேண்டியிருந்தால் இந்த வழி சரிவராது. அதற்கு என் சிபாரிசு இரண்டு பிளேடு உள்ள கார்ட்ரிட்ஜ் ரேசர், அதாவது பிளேடு உள்ள தலையை மட்டும் கழற்றி மாற்றுகிற வகை. கார்ட்ரிட்ஜில் பிளேடு பிளாஸ்டிக்குக்குள் பதிந்திருப்பதால் பொதுவாகக் கைப்பையில் விடுகிறார்கள். ஐந்து பிளேடு, ஆறு பிளேடு என்று விளம்பரம் வருவதை நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம். உங்கள் கழுத்துக்கு அதுதான் ஆகாது.

காரணம் இதுதான். பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியைப் பிடித்துக் கொஞ்சம் மேலே இழுக்கிறது. அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட நுனி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். தொட்டால் வழவழப்பாக இருக்கும், ஆனால் சுருள் முடி என்றால் அந்தக் கூரான நுனி வளரும்போது தோலுக்குள்ளேயே குத்தும். நீங்கள் சொல்லும் புடைப்பு பெரும்பாலும் இப்படி வருவதுதான். வீட்டு ரேசரில் இருப்பது ஒற்றை பிளேடு, அதனால்தான் அங்கே தொந்தரவில்லை. மலிவான யூஸ் அண்ட் த்ரோ ரேசரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கைப்பிடி எடையே இல்லாமல் இருப்பதால் நம்மை அறியாமல் அழுத்துகிறோம். தலையும் வளைந்து கொடுக்காவிட்டால் தாடை எலும்புக்குக் கீழே ஒரே இடத்தில் நாலைந்து தடவை இழுக்க வேண்டிவருகிறது.

எந்த ரேசராக இருந்தாலும் கழுத்தில் மட்டும் ஒரு வேலை செய்யுங்கள். மழிப்பதற்கு முன், உலர்ந்த கழுத்தில் விரலால் மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை தடவிப் பாருங்கள். வழுக்கிப் போகும் திசைதான் முடி வளரும் போக்கு, சொரசொரப்பது எதிர்ப்போக்கு. பலருக்குக் குரல்வளைக்கு இடப்பக்கம் ஒரு திசை, வலப்பக்கம் வேறு திசை. பயணத்தில் இருக்கிறவரை அந்தப் போக்கிலேயே மழித்து நிறுத்திக்கொள்ளுங்கள். எதிர்த்து இழுத்து வழவழப்பாக்கும் ஆசை வீடு திரும்பும்வரை காத்திருக்கட்டும்.

அதேபோல, குளித்த பிறகுதான் மழிக்க வேண்டும். முடி இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் ஊறினால் நன்றாக மென்மையாகிவிடும், பிளேடு பிடித்து இழுக்காது. ஓட்டலில் அவசரமாக எழுந்து காய்ந்த முகத்தில் நுரையைத் தடவி உடனே இழுப்பதால் வரும் எரிச்சலுக்கு ரேசர்மேல் பழி போடுகிறோம். புது கார்ட்ரிட்ஜை மாட்டிக்கொண்டே கிளம்புங்கள். முடி, பிளேடு எஃகைவிட சுமார் 50 மடங்கு மென்மையானது. இருந்தும் அது பிளேடின் விளிம்பைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடுகிறது என்று 2020இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் காட்டினார்கள். மழிக்கும்போது முடி இழுக்கிற மாதிரி பட்டால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நுரை விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஷேவிங் ஃபோம், ஜெல், கிரீம், ஆஃப்டர்ஷேவ் எல்லாமே திரவக் கணக்கில் வரும். டப்பா 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. டப்பாமேல் அச்சிட்ட அளவைத்தான் பார்ப்பார்கள். 200 மில்லி டப்பாவில் கால்வாசிதான் மிச்சம் என்று சொல்லிப் பயனில்லை. சில விமான நிலையங்களில் புது ஸ்கேனர் வந்து இந்த வரம்பு தளர்ந்திருக்கிறது, ஆனால் திரும்பி வரும் ஊரில் பழைய விதியே இருக்கலாம். குச்சி வடிவ ஷேவிங் சோப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். திடப்பொருள் என்பதால் திரவக் கணக்கில் சேராது, பையில் ஒழுகவும் செய்யாது.

சரி, ஷேவருக்கு வருவோம். அடிக்கடி பயணம் போகிறவர் என்பதால், திரும்பி வந்ததும் வாங்கி வீட்டிலேயே மூன்று வாரம் பழக்கிக்கொண்டால் நல்ல முதலீடுதான். தினமும் மழிப்பவருக்கு ஃபாயில் வகை பொருந்தும். மெல்லிய உலோக வலை தோலுக்கும் பிளேடுக்கும் நடுவில் இருப்பதால் முடி தோலுக்குக் கீழே வெட்டுப்படுவது குறைவு. நாலு நாள் வளரவிட்டு மழிப்பவர்தான் வட்டமாகச் சுழலும் வகையைப் பார்க்க வேண்டும். வாங்குமுன் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, ஐரோப்பாவில் 230. யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஆகும் மாடல் என்றால் போன் சார்ஜரே போதும். தண்ணீரில் பயன்படுத்தக்கூடிய பல ஷேவர்கள், வயரில் செருகியிருக்கும்போது ஓடவே ஓடாது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பாதி முகத்தில் சார்ஜ் தீர்ந்தால் அப்படியே நிற்க வேண்டியதுதான், ஆகவே ஐந்து நிமிடம் செருகினால் ஒரு தடவை மழிக்க முடிகிற மாடலாகப் பாருங்கள். பைக்குள் தானாக ஓடாமலிருக்க பூட்டு வசதியும் வேண்டும்.

உங்கள் வேலையில் லேசான குறுந்தாடிக்கு மறுப்பில்லை என்றால், கழுத்துக்கு எல்லாவற்றையும்விட இதமானது ட்ரிம்மர். அரை மில்லிமீட்டர் விட்டு வெட்டும்போது நுனி தோலுக்குள் போக வழியே இல்லை. ஆனால் புடைப்பில் சீழ் வைத்தாலோ, தழும்பு விழ ஆரம்பித்தாலோ ரேசரை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ரேசரை மழித்த கையோடு மூடி போட்டுப் பைக்குள் திணிக்காதீர்கள். உதறி, காற்றில் கொஞ்ச நேரம் வைத்து, அப்புறம் மூடுங்கள். அறையில் கூடத் தங்கியிருப்பவர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத சிறு வெட்டு வழியாகவே ஹெபடைடிஸ் பி, சி பரவும். போன ஊரில் பிளேடு வாங்கியிருந்தால், பல டப்பாக்களின் பின்பக்கத்தில் பழைய பிளேடைச் செருக ஒரு துவாரம் இருக்கும், அதில் போடுங்கள். இல்லாவிட்டால் தடித்த தாளில் சுற்றி டேப் ஒட்டிக் குப்பையில் போடுங்கள். மறுநாள் அந்தக் கூடையைக் கையால் காலி செய்ய ஒருவர் வருவார்.